கடலூர் கிடங்கும் மலேசியா மச்சானும்

2010 பொங்கல் விடுமுறைக்குச் சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தையொட்டிய பழைய கிடங்கு ஒன்றைப் பார்த்து, 'கிடங்கு' என்ற சொல்லைப் பற்றி எழுதுவதற்காக மாதக்கணக்கில் படித்து வைத்திருந்தேன். என் மனைவி கலா இந்த வலைப்பூவில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. இதையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று ஆசை. கிளம்பும்போது, மலேசியாவிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், "நானும் வரேன் மாப்ள" என்று செருப்பை மாட்டினார்.

முதுநகருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்குப் பதினாலு ரூபாய். வழியெல்லாம் மச்சானுக்கு விளக்கினேன். கிடங்கு என்றால் பள்ளம், கோட்டை அகழி என்றும் பொருள் உண்டு. சரக்கு வைக்கும் இடம் தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் குடாங், ஆங்கிலத்தில் கோடவுன். எது எதிலிருந்து வந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய், 'குடோன்' ஆகித் திரும்பியது என்பது என் கட்சி. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மச்சான் கண்ணை மூடிவிட்டார்.

கிடங்கு வாசலில் காவலாளி என் கேமராவைப் பார்த்ததுமே, "போட்டோல்லாம் எடுக்கக் கூடாது சார், கெளம்புங்க" என்றார். சொல்லின் வரலாற்றைச் சொன்னேன். கொட்டாவி விட்டார்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு கோடாலித் தைலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊருக்கெல்லாம் கொடுப்பார்களே, அதேதான். "முட்டிக்குத் தேய்ங்கண்ணே. நாங்க இருக்குற எடத்துல குடோன குடாங்னுவாங்க."

"அட, எங்க பெரியப்பா பினாங்குல இருந்தவரு. அவுரும் அப்படித்தான் சொல்லுவாரு!"

கதவு திறந்தது. நாற்காலியும் வந்தது, மச்சானுக்கு மட்டும். கருவாட்டு வாடைக்கு நடுவில் நின்று இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. ஊரிலேயே இருக்கும் கிடங்கை யார் மதிக்கிறார்கள்? வெளியே போய்க் குடோனாகத் திரும்பினால்தான் வாசல் பலகையில் எழுதுகிறார்கள்.

மாலையில் வீட்டில் மச்சான் பஜ்ஜியைக் கடித்தபடி, அகழி முதல் குடாங் வரை நான் சொன்ன அத்தனையையும் ஒப்பித்தார். பேருந்தில் அவர் தூங்கவே இல்லை போலிருக்கிறது. கலா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "எவ்ளோ விஷயம் தெரிஞ்சி வச்சிருக்கண்ணே!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இந்த மாதிரி எதுனா எழுதலாம்ல?"

போக நினைப்பவர்கள் முதுநகரிலேயே இறங்கிவிடுங்கள். கடலூர் பேருந்து நிலையம் வரை போனால் ஷேர் ஆட்டோவில் திரும்ப வேண்டியிருக்கும். வெயிலுக்கு முன் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தனியாகப் போங்கள்.

இந்தப் பதிவைக் கலா கட்டாயம் படிப்பாள். அவள் அண்ணனைப் பற்றியது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.