'தெரியும் மேடம்' என்று சொன்ன நாள் முதல்

பள்ளிக்கூடத்தில் இருக்கிற பொருள்களிலேயே யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்காதது கரும்பலகை ஒன்றுதான். "மிஸ், உங்க குரல் கேக்கல" என்பதை ஒரு முறையாவது கேட்டு, அரை மணி நேரம் காற்றுக்குப் பாடம் நடத்தியதை உணர்ந்த ஆசிரியர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

முதல் கதையை நான் கண்ணால் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காரைக்குடி தனியார் பள்ளியின் அலுவலக உதவியாளர் முத்தையா அண்ணன் சொல்லிக் கேட்டதுதான். எனக்கு முன்னால் அங்கே கணக்கு எடுத்த சார், ஒரு ஆன்லைன் கூட்டத்தில் மைக்கை அணைக்க மறந்துவிட்டாராம். பள்ளியின் தாளாளரை நாங்கள் கரஸ்பாண்டன்ட் ஐயா என்போம். அவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, "இவரு பேச ஆரம்பிச்சா கரண்டு போனாத்தான் நிறுத்துவாரு" என்று ஒரு குரல் எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. மறுவாரம் அந்த சார் பள்ளியில் இல்லை. இதைச் சொல்லிவிட்டு முத்தையா அண்ணன் எனக்கு டீயும் வைத்தார். "பயந்துக்காதீக டீச்சர், அந்த நாற்காலிதான் உங்களுக்குப் போட்டிருக்கோம்."

ஒரு செட்டா, ரெண்டு செட்டா?

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ்களை ஒவ்வொன்றும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, நீலக் கோப்பில் போட்டு, மழைக்கு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை மேடம் எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டினேன். அந்த வேகத்தில்தான் தவறு நடந்தது. "ஆன்லைன் டூல்ஸ் எல்லாம் கையாளத் தெரியுமா?" என்றார். "தெரியும் மேடம்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆன்லைன், பரீட்சை ரிசல்ட் பார்ப்பது. அதிலும் பாதி நேரம் சர்வர்தான் சுற்றும்.

"நீங்க எடுத்த வகுப்பு ஏதாவது இருந்தா லிங்க் குடுங்க" என்றார். காலையிலிருந்து நீட்டி நீட்டிப் பழகிய கை கோப்பைத் திறந்துவிட்டது. "ஒரு செட்டா மேடம், ரெண்டு செட்டா?" என்று கேட்டேன். லிங்க் என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை நான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மேடம் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. ஆறு மாதம் தற்காலிக வேலை, மழை விடுமுறை நாளிலும் சனிக்கிழமை மாலையிலும் எட்டாம் வகுப்புக்கு ஆன்லைன் பாடம், ஏதாவது ஒரு நாள் கரஸ்பாண்டன்ட் ஐயா சொல்லாமல் உள்ளே வந்து பார்ப்பார், அவருக்குச் சரியென்று பட்டால் வேலை நிரந்தரம் என்று விளக்கினார். என் அப்பா அதற்குள் எங்கள் ஊர் ஒக்கூர் டீக்கடையில் "மக டீச்சரு" என்று அறிவித்திருந்தார். அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது. எழுந்து வாசல் வரை போனவளை மேடம் கூப்பிட்டார். "தெரிஞ்சவங்க வந்தது நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை மத்த டீச்சர்களுக்கும் நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

பஸ்ஸில் கற்ற வித்தை

ஒக்கூரிலிருந்து காரைக்குடிக்கு நான் திருப்பத்தூரில் பஸ் மாறுவேன். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் போனும் கையுமாகத்தான் இருந்தேன். மீட்டிங் தொடங்குவது திருப்பத்தூர் வருவதற்குள் புரிந்தது. திரையைப் பகிர்வது மட்டும் புரிய இரண்டு நாள் பிடித்தது. காரணம், நான் பார்த்த வீடியோ இந்தியில் இருந்தது. அதில் பேசியவரின் விரல் போகிற திசையை வைத்தே படித்தேன். பக்கத்து சீட்டு அக்கா, நான் ஏதோ கோலம் பழகுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் என் போன் திரையைச் சுவரில் பகிர்ந்தேன். வெற்றிகரமாக வந்தது. தேடுகிற பெட்டியைத் தொட்டதும், அதுவரை நான் தேடியதெல்லாம் வரிசையாக விழுந்தது. 'ஆன்லைன் கிளாஸ் எடுப்பது எப்படி.' 'மியூட் எங்கே இருக்கும்.' 'மற்றவர்களுக்கு ஆன்லைன் கிளாஸ் சொல்லிக் கொடுப்பது எப்படி.' கடைசியாக, 'இன்டர்வியூவில் தெரியும் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்.' சுவரில் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அளவு. போனைக் கவிழ்த்து வைத்தேன். போன் கவிழ்ந்தாலும் சுவரில் படம் அப்படியே நின்றது. அந்த அறிவியலும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நல்ல வேளை, மேடம் அப்போது அறையில் இல்லை. இருபது வருடமாகத் தமிழ் நடத்துகிற சிவகாமி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, சுவரைக் கடைசி வரி வரை படித்தார். "ஏம்மா, அந்தக் கடைசி ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் நேத்து நான் தேடுனதும்மா."

உமி தவிடு, வருகை உண்டா?

எங்கள் மாணவர்களில் நிறையப் பேர் புதுவயல்காரர்கள். அப்பாக்கள் ரைஸ்மில்லில் இருப்பார்கள், இல்லையென்றால் லாரியில். பிள்ளைகளுக்கென்று தனிப் போன் கிடையாது. முதல் வகுப்பில் திரையில் வந்த பெயர்களில் ஒன்றுகூட என் வருகைப் பதிவேட்டில் இல்லை. 'லாரி செல்வம்', 'நெல் தரகு', 'மில் நம்பர் 2', 'உமி தவிடு'. வேறு வழியில்லாமல் திரையில் இருப்பதையே கூப்பிட்டேன். "நெல் தரகு?" "உள்ளேன் மிஸ்." "மில் நம்பர் 2?" "உள்ளேன் மிஸ்." இரண்டு வாரத்தில் எனக்கு இது பழகியே போய்விட்டது. பள்ளியில் நேரில் பார்த்த ஒரு பெண்ணை, "நெல் தரகு, நோட்டைக் கொண்டா" என்று கூப்பிட்டேன். அவளும் கொண்டுவந்தாள்.

ஒருநாள் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். "உமி தவிடு, நூறில் இருபது சதவீதம் எவ்வளவு?" மறுபடியும், குரலைக் கொஞ்சம் கடுமையாக்கி, "உமி தவிடு, உன்னைத்தான் கேட்கிறேன், இருபதா முப்பதா?" என்றேன். பையன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான் போலிருக்கிறது. ஒரு பெரியவரின் குரல் பரபரப்பாக வந்தது. "இருவது மூட்டையே அனுப்பலாம் டீச்சர், மாட்டுக்கா கோழிக்கா?"

லோடு ஏறும் நேரம்

'லாரி செல்வம்' என்பது இலக்கியாவின் அப்பா. ஒரு சனிக்கிழமை இலக்கியா என்று நினைத்து அவரிடமே கணக்குக் கேட்டுவிட்டேன். கேமராவில் மீசையும் ஸ்டியரிங்கும் தெரிந்தன. "பாப்பா வீட்டுல இருக்கு டீச்சர், போனு எங்கிட்ட இருக்கு. வண்டி மில்லுல நிக்கிது, லோடு ஏறிக்கிட்டு இருக்கு. நீங்க நடத்துங்க, நான் கேட்டுக்கிட்டுப் போயி அப்படியே சொல்லிப்புடுறேன்" என்றார். நான் தயங்கினேன். பிள்ளைகள் "நடத்துங்க மிஸ்" என்று கத்தினார்கள்.

செல்வம் அண்ணன் சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சதவீதத்தைப் பின்னமாக மாற்றும் இடத்தில், "டீச்சர், அந்தக் கீழ நிக்கிற நூறு எங்குட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். வகுப்பில் யாருமே அதுவரை அதைக் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அன்றுதான் எட்டாம் வகுப்புக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் கொஞ்சம். அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தபோது லாரியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "டீச்சர், லோடு ஏறிருச்சு, மிச்சத்த நான் இல்லாதப்ப நடத்திராதீக."

அப்பாவின் சட்டை

எங்கள் வீட்டில் சிக்னல் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரும். அங்கேதான் நாற்காலி போட்டு வகுப்பு எடுப்பேன். அப்பா வயலிலிருந்து வந்ததும் மாடிக்கு வந்து துண்டை உலர்த்துவது வழக்கம். ஒரு சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை. வகுப்பு பாதியில் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். என் திரையைப் பார்த்தேன். எனக்குப் பின்னால், கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றுகொண்டிருந்தார் அப்பா. எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, அந்த சார் கதை ஞாபகம் வந்து உண்மையிலேயே அணைந்ததா என்று பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்றேன். "துண்டு காயப்போட வந்தேன். இம்புட்டுப் பிள்ளைக பாக்கையில சட்டை இல்லாம எப்படி ஆத்தா குறுக்க போறது?"

சின்னு

ஐந்தாவது மாதமும் ஓடிவிட்டது. ஐயா வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றுதான் என்று நினைத்து, தலை வாரி, நாற்காலிக்குப் பின்னால் கோடுபோட்ட போர்வையைக் கட்டி, வகுப்பை முடித்து, உயிரோடு இறங்கி வருவேன். அந்த வாரம் சதவீதத்தில் பத்துக் கேள்வி வைத்து ஒரு ஆன்லைன் தேர்வு தயாரித்தேன். பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயமாக இருக்கட்டும் என்று நான்காவது கேள்வியை நானே யோசித்து எழுதினேன். 'நூறு கிலோ நெல்லை அரைத்தால் பத்து சதவீதம் உமி போகும் எனில், கிடைக்கும் அரிசி எவ்வளவு?' விடை தொண்ணூறு. மிக அழகான கேள்வி என்று எனக்கே பட்டது. லிங்க்கைக் காலையிலேயே குரூப்பில் போட்டுவிட்டேன்.

மாலையில் வகுப்பைத் திறந்தேன். திரையில் 'சின்னு' என்று புதிதாக ஒரு பெயர், கேமரா இல்லாமல். யார் வீட்டுப் போனோ என்று நினைத்துக்கொண்டேன். தேர்வைத் திரையில் பகிர்ந்தேன். முதல் மூன்று கேள்வி நான் எழுதியதுதான். நான்காவது இப்படி இருந்தது: 'நூறு கிலோ நெல்லில் உமி 22, தவிடு 8, குருணையும் தூசும் 5 போக, அரிசி எவ்வளவு?' ஏழாவது கேள்வி, 'திங்கள்கிழமை லீவு விடலாமா?' அதற்கு இரண்டே விடைகள்: 'விடலாம்', 'கண்டிப்பாக விடலாம்'. விடை எழுதுகிற லிங்க்குக்குப் பதிலாக, கேள்வியையே மாற்றுகிற லிங்க்கைக் குரூப்பில் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து புதுவயல் முழுக்க உட்கார்ந்து என் கேள்வித்தாளைத் திருத்தியிருக்கிறது.

"யார் இதைச் செய்தது?" என்றேன். பயத்தில் கோபம் வந்து, கண்ணில் பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டேன். "சின்னு, உன்னைத்தான். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கேமராவைப் போடு. எழுந்து நில்." கேமரா வந்தது. நரைத்த புருவம், நெற்றியில் விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. கரஸ்பாண்டன்ட் ஐயா, பேத்தியின் போனோடு, எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ஆறு மாதமும், ஒக்கூர் டீக்கடையும், முத்தையா அண்ணன் காட்டிய நாற்காலியும் ஒன்றாக என் கண் முன்னால் வந்தன. அதற்குள் 'லாரி செல்வம்' பேசினார். "ஐயா, லீவு கேட்டது எவன்னு தெரியாது. நாலாவத மாத்துனது நாந்தான். பத்து கிலோ உமி மட்டும் போகும்னு டீச்சர் எழுதிருந்தாக. தவிடு என்ன பறந்தா போயிரும்?" ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதலில் நான் எழுதியது என்ன, விடை என்ன என்று கேட்டார். தொண்ணூறு கிலோ என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக் ஆனில்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு தோள் குலுங்கியது. "நூறு கிலோ நெல்லுக்குத் தொண்ணூறு கிலோ அரிசி வரும்னா, நான் எதுக்கும்மா பள்ளிக்கூடம் நடத்தப் போறேன், மில்லுதானே நடத்திருப்பேன்!"

ஆர்டர்

திங்கள்கிழமை லீவு விடவில்லை. மேடம் அறைக்கு நானாகவே போனேன். வேலை போவதாக இருந்தால் பொய்யோடு போக வேண்டாம் என்று தோன்றியது. "மேடம், இன்டர்வியூவில் தெரியும் என்று சொன்னது பொய். எனக்கு எதுவும் தெரியாது. எல்லாம் பஸ்ஸில் படித்தது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மேடம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே நிரந்தர ஆர்டர். செல்வம் அண்ணனைப் போல ஒரு அப்பா பாடத்தைக் கேட்டுக் கேள்வியைத் திருத்துகிற வகுப்பைத் தான் பார்த்ததில்லை என்று ஐயா சொன்னாராம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல்தான் வெளியே வந்தது. மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். "லிங்க் கேட்டதுக்கு ஒரு செட்டா ரெண்டு செட்டான்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும், குடிங்க."

பின்குறிப்பாக ஒன்று

நிரந்தரமானதும் பள்ளியின் ஆன்லைன் கணக்கு முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. பழைய கூட்டங்களின் பதிவுகளும் அதில் இருந்தன. முத்தையா அண்ணன் சொன்ன கதையைச் சரிபார்த்துவிடுவோம் என்று தேடிக் கேட்டேன். கரண்டு போனாத்தான் நிறுத்துவாரு என்ற வாக்கியம் இருந்தது. முத்தையா அண்ணன் ஒரு எழுத்துகூட மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் குரல் அந்த சாருடையது இல்லை. அவரையும் போனில் கேட்டேன். அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, இனிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பதிவில் இருந்தது ஒரு பெண் குரல். எனக்கு ஆர்டர் கொடுத்த குரல்.

அந்தப் பதிவை அழிக்கத் தெரியுமா என்று நேற்று மேடம் மெதுவாகக் கேட்டார், "தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டேன், இப்போது திருப்பத்தூர் பஸ்ஸில் அது எப்படி என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.