உள்ளே வண்டி இல்லை

அவளை வேலையிடத்தில் எல்லோரும் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீஸ் கட்டடத்துக்கு அடியில் இரண்டு தளம் கார் நிறுத்துமிடம், அதன் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் இவள். பெயர்தான் கேட்டக்கா. கேட்டைத் திறப்பதும் மூடுவதும் மெஷின். வண்டி வந்து நின்றால் கேமரா நம்பரைப் படிக்கும், தடுப்புக்கட்டை தானாக எழும்பும், உள்ளே இருக்கிற வண்டிக் கணக்கில் ஒன்று கூடும். வெளியே போனால் ஒன்று குறையும். "அப்புறம் நீ எதுக்கு?" என்பார் வீட்டுக்காரர். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற மனுஷன், மெஷின் என்றாலே இளக்காரம். "அது முழிக்கும்போது கூட நின்னு முழிக்கத்தான்" என்பாள் இவள்.

அது முழிப்பது சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்கி வந்து வண்டியை எடுப்பார்கள். கேமரா ஒவ்வொரு நம்பராக எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். யாரால் தாங்க முடியும்? கேட்டக்கா பொத்தானை அமுக்கிக் கட்டையைத் தூக்கியே நிறுத்திவிடுவாள். வண்டியெல்லாம் கடகடவென்று போய்விடும். என்ன ஒன்று, கட்டை தூக்கியே நின்றால் மெஷின் ஒரு வண்டியையும் கழிக்காது. எல்லாரும் வீடு போய்க் கையலம்பிச் சாப்பிட உட்கார்ந்த பிறகும், திரையில் பாதிக் கட்டடம் உள்ளேயே நிற்கும்.

கணக்கு சைபர் ஆனால்தான் கீழ்த்தளத்து ஷட்டர் இறங்கும், விளக்கு அணையும், காற்றை இழுக்கிற பெரிய ஃபேன்கள் நிற்கும். ஆகவே கையால் சைபர் போட வேண்டும். போடுவதற்கு முன் இரண்டு தளத்தையும் நடந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். எவர் நடக்கிறார்? நாற்காலியில் இருந்தபடியே கேமராவில் ஒரு பார்வை, ஒரு சைபர், முடிந்தது. இவளுக்கு முன்னால் இருந்தவன் அப்படித்தான் ஒரு காலி வண்டியை வைத்துப் பூட்டி, வேலையைப் பறிகொடுத்தான். அது தெரிந்தும்தான் இந்தச் சனிக்கிழமை இவளும் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸேறி, புது வாடகை வீட்டுக்கு மாறியிருந்த மகளைப் பார்க்கப் போக வேண்டும். முட்டி வேறு விண்விண்ணென்று வலித்தது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தாள்.

"என்ன, கால்ல சக்கரம் கட்டின மாதிரி சுத்துற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா கழுவின டம்ளரையே கழுவிக்கிட்டிருக்க?"

கணக்குப் பிரிவில் ஒரு சார் இருந்தார். எந்த அவசரத்திலும் முண்டியடிக்காத மனுஷர். எல்லாரும் போன பிறகு கடைசியாக வருவார், கூண்டருகே கண்ணாடியை இறக்கி, "திங்கக்கிழமை பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இன்றைக்கு அந்தக் குரல் கேட்டதா இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவர் வண்டி நிறுத்துவது கீழ்த்தளத்து மூலைத் தூணுக்குப் பின்னால். அந்த இடம் கேமராவில் விழாது. அதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"அத்தனை வண்டியில அவரும் போயிருப்பாரு. போன் போட்டுப் பாரேன்."

"நம்பர் எங்க இருக்கு எங்கிட்ட? ஆபீசும் பூட்டியாச்சு."

"பஸ்ஸை விடப் போறோம். பொண்ணு வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்பா. நீ எதையாவது கிளறிக்கிட்டே இரு."

"நீங்க பையை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. நான் எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினாள். அவர் முணுமுணுத்தது தெருமுனை வரை கேட்டது.

வாசல் காவலாளியை இவள் அண்ணே என்பாள், அவர் இவளை அக்கா என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"சைபர்னுதானே காட்டுது? எதுக்கக்கா உனக்கு நீயே குழி தோண்டிக்கிற? இப்ப ஷட்டரைத் தூக்கினா சூப்பர்வைசர் போனுக்கு மெசேஜ் போயிடும். நடந்து பாக்காமத்தான் சைபர் போட்டேன்னு சொல்லப் போறியா?"

அவளுக்கும் பயம்தான், இல்லை என்பானேன். ஷட்டரைத் தூக்குகிற தன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆள் இல்லாவிட்டால் வேலைக்கு உலை. இருந்தால், திங்கட்கிழமை வரைக்கும் அந்த இருட்டில் காற்றில்லாமல் கிடப்பார். "போனாப் போகுதுண்ணே" என்று கார்டைத் தேய்த்துவிட்டாள்.

ஷட்டர் கிறீச்சென்று ஏறியது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிப்பதற்குள் அவள் முட்டியை மறந்து பாதித் தூரம் ஓடியிருந்தாள். மூலைத் தூணுக்குப் பின்னால் வண்டி நின்றது. உள்ளே சார், சீட்டைச் சாய்த்துக் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கண்ணாடியைத் தட்டினாள். மெதுவாக இறக்கினார்.

"சார், என்ன சார் இது? ஷட்டர் விழுற சத்தம் கேக்கலையா? ஹாரனையாவது அடிச்சிருக்கலாமே?"

"கேட்டுச்சும்மா. அடிக்கத் தோணல" என்றார். "காலையில கூப்பிட்டு, இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னு உக்காந்திருந்தேன். விளக்கு அணைஞ்சதும், சரி, நாம இங்க இருக்கிறது யாருக்கும் தெரியலன்னு இருந்துட்டேன்."

கேட்டக்காவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நல்லா இருக்கு சார் நீங்க செஞ்சது. வேலை போச்சுன்னா வீட்டுல நாலு வார்த்தை சொல்லணும், திட்டினா வாங்கிக்கணும். அதுக்காக இப்படியா மூச்சுமுட்டி உக்காருவாங்க? பெரிய மனுஷன் பண்ற வேலையா இது? வண்டியை எடுங்க மொதல்ல."

அவர் வண்டியை எடுத்தார். இவள் பக்கத்திலேயே நடந்தாள். வெளி வாசலில் கேமரா நம்பரைப் படித்தது, கட்டை எழும்பவில்லை. இந்த வண்டி உள்ளே இல்லை என்று பலகையில் சிவப்பாக எழுத்து ஓடியது. அவர் அதைப் படித்துவிட்டு, "மெஷின் சரியாத்தாம்மா சொல்லுது" என்றார். அவர் சிரித்தது பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் போனில் வந்தான். "யாரு ஷட்டரைத் தூக்கினது? நீங்களா? உள்ள யாருமில்லன்னு காட்டுதே. எதையாவது மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

நல்ல சாக்கை அவனே எடுத்துக் கொடுக்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெஷினே இவள் பக்கம் சாட்சி சொல்லும். வண்டிக்குள்ளிருந்து சார்கூட, சொல்லிடாதீங்க என்று தலையை ஆட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். ஆமாம் என்றால், இந்த மனுஷர் இங்கே இருக்கவே இல்லை என்று இவளும் சொன்னதாக ஆகிவிடும்.

"ஆள் இருந்தாரு சார். வண்டியோட இருந்தாரு. நான்தான் நடந்து பாக்காம சைபர் போட்டேன்."

"திங்கக்கிழமை கூண்டுக்குப் போக வேண்டாம், நேரா ஆபீசுக்கு வாங்க. கார்டை எடுத்துட்டு வந்துடுங்க" என்று வைத்துவிட்டான். கார்டைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

பொத்தானை அமுக்கிக் கட்டையைத் தூக்கினாள். சார் வண்டியை நகர்த்தவில்லை. இவள் போன் மறுபடி அடித்தது. வீட்டுக்காரர். அடித்து ஓய்ந்தது, திரும்ப அடித்தது. கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். இத்தனை நேரம் ஊருக்கு உபதேசம் செய்த வாய், இப்போது ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எடுங்கம்மா" என்றார் சார்.

எடுத்தாள். வீட்டுக்காரர் பேசுவதற்கு முன் இவளே கொட்டினாள். "என் வேலை போயிடுச்சுங்க. சார் உள்ளதான் இருந்தாரு, அவருக்கும் வேலை போயிடுச்சு. என் தப்புன்னு சொல்லிட்டேன்."

போனில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மத்தியானத்துலேர்ந்தா உள்ள இருந்தாரு?" என்றார் அவர். "ஏதாவது சாப்பிட்டாரா, கேளு."

கேட்டக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே வண்டிப் பக்கம் குனிந்து, "சாப்பிட்டீங்களான்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு சார்" என்றாள்.