மடியில் அரை ஹெச்.பி. மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். காபி வேண்டாம் என்றார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வீடு தேடி வந்தவர்கள் காபி வேண்டாம் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். என் கணவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. நாங்க இருக்கறம்" என்றார் மயிலாத்தா அக்கா. எங்கள் தெருப் பெண்களின் சுய உதவிக் குழுவான அயல்கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. சொன்னதோடு நிற்காமல் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து வேறு.

நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

மெல்லத்தான் விளங்கியது. அவர்கள் பஞ்சாயத்துப் பேச வந்திருக்கிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் நடுவில்! காரணம்... நான் மேடையில் சொன்ன ஒரு ஜோக்.

கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

இந்த வம்பை ஆரம்பித்து வைத்ததே நீங்கள்தான். "டீச்சர், உங்கள் பத்தியைப் படித்தால் சிரிப்பு வருகிறது. நீங்கள் ஏன் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யக்கூடாது?" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! ஐம்பதைத் தொடப்போகிறேன். பாராட்டை அப்படியே நம்புகிற வயசா இது?

நம்பினேன்.

கோயமுத்தூரில் ஒரு காபி ஷாப் மாடியில் வியாழக்கிழமை தோறும் 'ஓப்பன் மைக்' நடக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஐந்து நிமிஷம் பேசலாம். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லையே, கூட்டம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் அத்தனை பேரும் பேசுவதற்காகக் காத்திருப்பவர்கள். ஆளாளுக்குச் செல்போனைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பரீட்சை ஹால் வாசலில் நின்று ஜோக் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

என் முறை வந்தது. பள்ளிக்கூட ஜோக் இரண்டு சொன்னேன். ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்டது. மூன்றாவது ஜோக்கின் நடுவில் பின்னாலிருந்து ஒரு பையன் செல்போன் டார்ச்சை என் முகத்துக்கு நேரே அடித்தான். "வெளிச்சம் வேண்டாம் தம்பி, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள்! நேரம் முடியப் போகிறது, இறங்குங்கள் என்பதற்கு அதுதான் சிக்னலாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் யோசித்து யோசித்து எழுதிய எதற்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த ஒரே சிரிப்பு நான் எழுதாதது.

பாலக்காட்டில் ஒருமுறை மலையாளத்தில் முயன்றேன். அங்கே ஜோக் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்கள்... என் மலையாளத்துக்கு.

வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்றால் இருக்கிற ஒரே ரசிகர் என் கணவர் சம்பத்து. வீட்டை ஒட்டியே மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கருகிப்போன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்துப் புதுசாகச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். ரொம்ப நல்ல மனிதர். முழு ஜோக்கையும் கண் இமைக்காமல் கேட்பார். முடித்ததும் ஆர்வமாகக் கேட்பார்:

"அப்பறம்?"

"அப்பறம்னா... அவ்வளவுதானுங்க. முடிஞ்சுது."

"ஓஹோ."

அந்த 'ஓஹோ'வை நீங்கள் கேட்க வேண்டும். கோயமுத்தூர்க் கூட்டமே தேவலை.

இப்படியிருக்கையில்தான் எங்கள் ஊர் வாயனசாலையில் ஓணப் பரிபாடி வந்தது. வாயனசாலை என்றால் நூலகம், பரிபாடி என்றால் நிகழ்ச்சி. பிள்ளைகள் டான்ஸ், அயல்கூட்டத்துப் பெண்களின் பாட்டு, நடுவில் டீச்சர் பத்து நிமிஷம் தமாஷாகப் பேசட்டும் என்றார் வாயனசாலைப் பிரசிடண்ட். சொந்த ஊர், தெரிந்த முகங்கள். இங்கேகூடவா சிரிக்க மாட்டார்கள்? என் சொந்தக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் கொல்லைப்புறப் பாசியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஹர்த்தால். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கணவர் பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும்போது கடைக்குள் போனார். குடிக்கத் தண்ணீர் எடுத்து வருவார் என்று நினைத்தேன். ஒரு அரை ஹெச்.பி. மோட்டாரைத் தூக்கி வந்தார். "இத மடியில வெச்சுக்கோ" என்றார்.

வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? வழியில் ஹர்த்தால்காரர்கள் நிறுத்தினார்கள். என் காலைப் பார்த்ததும் "போங்க, போங்க" என்று வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அட்டெண்டர் வீல்சேர் கொண்டு வந்தார். என் கணவர் பத்திரமாக, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, வீல்சேரில் உட்கார வைத்தார்... மோட்டாரை. பிறகு என்னைப் பார்த்து, "அட, உனக்கா அது?" என்றார். அப்புறம் நான் வீல்சேரில், மோட்டார் மறுபடி என் மடியில். அட்டெண்டர் கேட்டார்: "இதுல பேஷண்ட் யாருங்க?"

நீங்கள் இப்போது சிரித்தீர்களா இல்லையா? வாயனசாலையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு அம்மா "அச்சோ... பாவமே" என்றார். மயிலாத்தா அக்கா புதுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் இறங்கும்போது ஒருவர் என் காலைப் பார்த்து, "இப்ப வலி தேவலீங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் புரிந்துகொண்டது இது. தெரியாத ஆள் வழுக்கி விழுந்தால்தான் அது ஜோக். தெரிந்த ஆள் விழுந்தால் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வருவார்கள். நம்மை யாருக்கும் தெரியாத ஊரில் நம் கதையைக் கேட்க ஆள் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஊரிலோ நாம் மைக்கைப் பிடித்துச் சொல்வது புகார் ஆகிவிடுகிறது. எங்கே போய்த்தான் காமெடி செய்வது?

புகார் நன்றாகவே வேலை செய்தது. என் கணவரின் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அவருக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டே போய்விட்டாராம். பொண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளாதவன் மோட்டாரை எப்படிப் பார்ப்பான் என்று! இதெல்லாம் எனக்குத் தெரியாது. இவரும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நால்வர் சொல்லித்தான் தெரிந்தது. நான் சிரிப்புக்குச் சொன்னதில் இவர் தலை குனிவதா? இன்றோடு மைக்கைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நால்வரில் பிரசிடண்டும் அவர் மனைவியும் சாட்சிகள். மயிலாத்தா அக்கா வக்கீல். நீதிபதி, ராமசாமி அண்ணன். என் பெரியப்பா மகன். ஆஸ்பத்திரி தாண்டி அடுத்த ஊரில் இருக்கிறார். ஓணப் பரிபாடிக்கு அவர் வரவில்லை. தங்கச்சி மேடையில் நின்று அழுதாள் என்று யாரோ சொல்லிக் கிளம்பி வந்திருக்கிறார். வாய் மாறி வாய் மாறிப் போன வழியில் மோட்டார் எங்கேயோ விழுந்துவிட்டது. அழுகை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கணவர் வந்து உட்கார்ந்தார். அண்ணன் தொண்டையைச் செருமினார். எங்கள் பக்கம் எவ்வளவு கோபம் வந்தாலும் தங்கச்சி வீட்டுக்காரருக்கு 'ங்க' குறையாது.

"ஏனுங் மாப்ள, கால் ஒடிஞ்ச புள்ளைய ஆஸ்பத்திரீல உட்டுப்போட்டு நீங்க வேலைக்குப் போயிட்டீங்களாமா?"

"போனனுங்க மச்சான். டாக்டரு கட்டுப் போடற நேரத்துல போயிட்டு வந்தனுங்க."

"அப்படி என்னங்க தல போற வேலை?"

"ஒரு மோட்டார் குடுக்க வேண்டியிருந்துச்சுங்க."

"அதையும் இந்தப் புள்ள மடீல வெச்சுத்தானுங்க கொண்டு போயிருக்கறாரு!" என்றார் மயிலாத்தா அக்கா. "அதும் ஹர்த்தால் அன்னைக்கு! டீச்சரு சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வந்துருச்சு."

அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

"ஹர்த்தால் அன்னைக்கா?"

"ஆமாங்க மச்சான். உங்க மோட்டாருதானுங்க" என்றார் என் கணவர். சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்கதானுங்களே காலைல இருந்து போன் மேல போன் போட்டீங்க. ஊடு நெறையா விருந்தாளி, டேங்குல சொட்டுத் தண்ணி இல்லீன்னு. வண்டிய உட மாட்டாங்க, இவ வேற வழுக்கி உழுந்துட்டா, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறேன்னு சொன்னேன். அதுக்கு நீங்க..."

நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் மயிலாத்தா அக்கா.

"'அப்ப நல்லதாப் போச்சு மாப்ள'ன்னீங்க. 'ஆஸ்பத்திரி வண்டிய ஆரும் நிறுத்த மாட்டாங்க, அம்மிணி மடீல வெச்சுக் கொண்டாந்துருங்க'ன்னீங்க."

ஒரு நொடி ஃபேன் சத்தம். கோயமுத்தூரில் கேட்ட அதே சத்தம்.

முதலில் வெடித்தது மயிலாத்தா அக்காதான். புடவைத் தலைப்பு மறுபடியும் கண்ணுக்குப் போனது. பிரசிடண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் மனைவி நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி "நல்லதாப் போச்சாமா!" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அண்ணன் மட்டும் தான் கொண்டு வந்த நேந்திரம்பழத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காபி போடறதுன்னாப் போடு அம்மிணி" என்றார்.

"இத ஏனுங்க எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று கணவரைக் கேட்டேன்.

"நீ கேக்கலியே."

இவர் தலை நிமிர்ந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கூடவே கொஞ்சம் பொறாமை, மறைப்பானேன்? ஒரு வருஷமாகப் பஸ் ஏறி இறங்கி நான் தேடிய சிரிப்பு, என் வீட்டு ஹாலில், சிரிக்க வைக்க நினைக்கவே நினைக்காத மனிதருக்குக் கிடைத்துவிட்டது. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது பாதி ஜோக். மீதி இவரிடம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "அப்பறம்?" என்று என்னைக் கேட்டவரிடம், நான் ஒரு தடவை "அப்பறம்?" என்று கேட்டிருக்கலாம்.

முடிவை மாற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை கோயமுத்தூர். அதே மாடி, அதே பையன்கள். மோட்டார் கதையைச் சொன்னேன். கடைசியில் "அப்ப நல்லதாப் போச்சு மாப்ள" என்றேன். செல்போனிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. சிரித்தார்கள்! டார்ச் அடிக்க வேண்டிய பையன் அடிக்க மறந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் சொன்னேன். "சிரிச்சாங்க."

"அப்பறம்?" என்றார்.

மறுநாள் காலையில் ராமசாமி அண்ணன் போன். விஷயம் அதற்குள் போய்விட்டது. சத்தம் போடப் போகிறார் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"மேடையில என்ற பேரச் சொன்னியா அம்மிணி?"

"ஐயோ, இல்லீங்ணா. பேர மாத்திட்டேன்."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனம்மிணி... என்ற பேரு நல்லாத்தான இருக்குது?"