மழைக்குப் பயந்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணம் எனக்கு ஒரு தடவையோடு முடிந்தது. வீடுதான் வருஷத்துக்கு இரண்டு மூன்று கட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் ஊரார் வீடு. நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகைப் போர்ஷன். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு, எங்கே பார்த்தாலும் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் அங்கே காண்டிராக்டர். பெரிய மனிதன் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். என் வயதில் ஒரு மேஸ்திரி, ஏழெட்டு ஆட்கள், ஒரு சைக்கிள், அவ்வளவுதான்.

கலெக்டர் கச்சேரி உத்தியோகத்தில் இருந்த என் அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "கால் காசானாலும் கவர்மெண்டு காசுடா" என்பார். அவர் வாயை அடைக்க ஒரு மனுப் போட்டு வைத்தேன். போட்டதையே மறந்துவிட்டேன். ஆடி முடிகிற சமயத்தில் உத்தரவு வந்து நிற்கிறது! கட்டட இலாகாவில் ஓவர்சீயர், பர்மனெண்ட், சைதாப்பேட்டையில் ஆபீஸ். பத்து நாளைக்குள் வந்து சேர வேண்டும். சொந்தமாகக் காண்டிராக்ட் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவனோ கட்டியதை அளந்து எழுதுகிற வேலை அது. வெறும் மனையில் கயிறு பிடித்து, மூலை மட்டம் பார்த்து, நான்கு மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு குடும்பம் பால் காய்ச்சுவதைப் பார்த்தவனுக்கு, அளவு நாடா ஒரு தண்டனை.

என் மனைவியைக் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

எங்கள் வீடுகளில் ஒரு பெண் 'உங்க இஷ்டம்' என்று சொன்னால், அவளுக்கு வேறு ஏதோ இஷ்டம் என்று அர்த்தம். அது எது என்பதுதான் புருஷனுக்குக் கடைசிவரை தெரியாது. நான் எனக்குச் சௌகரியமாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மாம்பலத்துல அந்த மூலை வீடு இவர் கட்டினது" என்று அவள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காண்டிராக்டர் பெண்டாட்டியாக இருப்பதுதான் அவளுக்கு இஷ்டம் என்று முடிவு கட்டினேன். வேலை வேண்டாமென்று கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு காலை வேளையில் தபாலாபீசுக்குக் கிளம்பினேன். அவளுக்கு அப்போது நான்கு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது. அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அந்த வருஷம் மழையே இல்லை. கோயில் குளம் வற்றி அடிமண் வெடித்துவிட்டது. வருண ஜபம் பண்ணுகிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது சாஸ்திரம். குளத்தில் முழங்கால் நனையக்கூட இல்லாததால், வெளியிலிருந்து அண்டா அண்டாவாக நீர் கொண்டுவந்து, அந்த அண்டாக்களுக்குள்ளேயே உட்கார்ந்து ஜபித்துக்கொண்டிருந்தார்கள். படியெல்லாம் பெண்கள், எல்லோரும் கைகூப்பி நின்றிருந்தார்கள்.

என் மனைவி மட்டும் மதிலோரமாகத் தனியே, குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனால், அழுகிறாள்.

"என்ன ஆச்சு? உடம்பு ஏதாவது பண்றதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லேன்னா. அங்க நின்னு மழையைக் கேக்க நேக்கு என்ன யோக்யதை இருக்கு? நாலு வருஷமா நான் வேண்டாம்னுதானே வேண்டிண்டிருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க தளம் போடற அன்னிக்கெல்லாம். பெய்யப்படாதுன்னு. மஞ்சத்துணில காசு முடிஞ்சு முடிஞ்சு சமையலுள்ல ஒரு டப்பா நெறைய வெச்சிருக்கேன். எந்த சந்நிதில கொண்டுபோய்ப் போடறது? என்னன்னு சொல்லிப் போடறது?"

மெத்தைத் தளம் என்பது வீட்டுக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவது. இறுகுவதற்குள் நல்ல மழை பிடித்தால் சுண்ணாம்பெல்லாம் கரைந்து தெருவுக்கு ஓடிவிடும். என் முதல் வீட்டில் அப்படித்தான் ஓடிற்று. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன், சாப்பிடவில்லை. அதை நான் மறந்தாகிவிட்டது. அவள் மறக்கவில்லை.

"ஊரே தண்ணிக்குத் தவிக்கறது. நான் தடுத்தேன். அந்தப் பாவம்தான் நம்மாத்துல குழந்தை தங்கலே" என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. "அசடே, நீ சொல்லித்தான் மழை நிக்கறதா?"

"நின்னுதே! அப்புறம் ஒரு தடவையாவது உங்க தளம் நனைஞ்சுதா?"

நனையவில்லை. நான்கு வருஷத்தில் ஒரு தளம்கூட நனையவில்லை. அதை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வானத்தைப் பார்த்தே நாள் குறிக்கிறவன் என்று மேஸ்திரியிடம் ஜம்பம் அடித்ததுண்டு. இவளோ ஒவ்வொரு தடவையும் அடுப்படியில் நின்று, தன் குழந்தையைக் கொடுத்துவிட்டு என் சுண்ணாம்பைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள்மேல் அதுவரை இல்லாத ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"வேண்டிக்காம இருந்துடலாம்னு பார்க்கறேன். மேகத்தைக் கண்டா என்னால முடியலே" என்று வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

பாவமாவது புண்ணியமாவது என்று அவளிடம் வாதாடியிருக்கலாம். வாதாடி ஜெயிக்கிற விஷயமில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. மறுநாள் சைதாப்பேட்டைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மாம்பலத்தில் சுவர் எழும்பி நின்ற வீட்டை வேறொரு காண்டிராக்டர் கையில் ஒப்படைத்தேன். அதற்குமுன் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"பர்மனெண்டா? நல்லதாப் போச்சி சாமி. வெயிலடிச்சாலும் சம்பளம், மழ பேஞ்சாலும் சம்பளம்" என்றான். முகத்தைப் பார்க்காமல் கரணையால் ஒரே செங்கல்லை இரண்டு தடவை தட்டினான். "எங்களுக்கு இன்னா, புதுசா வர்றவரு கீறாரே. நீங்க ரோசன பண்ணாம போய்க்கினே இருங்க."

ஆபீஸ் பழகிற்று. நாற்காலியும் மைக்கூடும் கூடப் பழகின. என் மனைவி சமையலுள்ளில் பாடிக்கொண்டே காரியம் செய்ய ஆரம்பித்தாள். ஐந்தாவது மாதம் தாண்டியது, ஆறாவதும் தாண்டியது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆபீசுக்குப் போகிற வழியில் மேஸ்திரி எதிரே வந்தான். கையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"நம்ம மாம்பலத்து வூட்டுக்கு இன்னிக்கி மெத்தத் தளம் சாமி! ஒரு தபா வந்து பாருங்க."

"ஐப்பசியிலேயா? இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"கார்த்திகைல குடி பூரணும்னு வூட்டுக்காரரு நிக்கிறாரு. புதுசா வந்தவரும் சரின்னுட்டாரு. வானம் வெறிச்சிதானே கீது?"

நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது பாத்தியதை இல்லை. தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து பிடித்தது பாருங்கள் மழை! ஆபீசில் எல்லோரும் ஜன்னலண்டை போய்க் குழந்தைகள் மாதிரி கை நீட்டினார்கள். தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். முற்றத்தில் அண்டா, குடம், கரண்டி முதற்கொண்டு பரப்பி வைத்து, நடுவில் ஏழு மாத வயிற்றோடு நின்றுகொண்டிருந்தாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருக்க வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான நாளாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. "கொட்டட்டும்னா! இன்னும் நன்னாக் கொட்டட்டும்! நான்தான் கேட்டேன்!" என்று இரண்டு கையையும் தூக்கினாள்.

துண்டு எடுப்பதுபோல் உள்ளே போனேன். மாம்பலத்தில் அந்நேரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேஸ்திரி ஓடிக்கொண்டிருப்பான். கரைந்த தளத்துக்குக் கூலி கேட்டால், புது மனிதர் கரைந்ததுக்கு என்ன கூலி என்பார். சுவாமி படத்துக்கு முன்னால் நின்றேன். என் தளங்களுக்காக நான் ஒரு நாளும் வேண்டிக்கொண்டதில்லை, அதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, போதும், நிறுத்து என்று கேட்டேன்.

வெளியே அவள் இன்னும் இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மழை அவள் பேச்சைத்தான் கேட்டது.