அத்தை கேட்டு வாங்கிய ஸ்டீயரிங்

வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. பெட்ரோலும் தேங்காய் நாரும், எப்போதோ சீட்டு இடுக்கில் விழுந்து சருகாகிப்போன மரிக்கொழுந்தும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிடும். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்வாசலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, செங்கல் முட்டுகளின்மேல், சக்கரமும் இன்ஜினும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த பிஸ்தா பச்சை நிறக் காரின் வாசனை அது. அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரைக் கார் என்று சொல்லமாட்டார்கள், "பிளசர்" என்பார்கள். பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்தால் தொடை பழுத்துவிடும். அப்படியும் நான் பகல் முழுக்க அதற்குள்தான் கிடப்பேன். ஸ்டீயரிங் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சமையலறையில் பானைக்கு அடியில் வைக்கிற வைக்கோல் வளையத்தை, அதுதான் "பிரிமணை", தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கம்பியில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே திருவதிகைக்கும் பிச்சாவரத்துக்கும் போய்வந்துவிடுவேன். "பானையை எதுமேல வைக்கிறது, உன் தலையிலயா?" என்று அம்மா பின்னாலேயே வருவாள்.

அந்தக் காருக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. பாகப்பிரிவினைதான் நடந்தது.

காரை வாங்கியவர் தாத்தா. புவனகிரியில் நிலம், முதுநகரில் "மல்லாட்டை" என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக்கு ஒரு மண்டி என்று இரண்டு ஊரிலும் கால் வைத்திருந்தவர், ஓட்டத் தெரியாமலே அதை வாங்கி வந்து நிறுத்தினார். மூத்த மகனான என் அப்பா ஒரேயொரு தடவை ஓட்டி மண்டிச் சுவரில் முட்டினார். அதோடு அவருக்கு ஆசை தீர்ந்தது. சித்தப்பா ஓட்டுவார், ஆனால் முன்னால் மட்டும்தான். ரிவர்ஸ் என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. சந்தில் எதிரே மாட்டுவண்டி வந்துவிட்டால் மாட்டைத்தான் பின்னால் தள்ளவேண்டும். உருப்படியாக ஓட்டியது வீட்டின் கடைக்குட்டியான வசந்தா அத்தை மட்டுமே. சம்பள டிரைவரிடம் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைச் சாலையில் பழகியவள், ஸ்டீயரிங்குக்குக் கீழேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் "கை கியரை"க் கண்ணால் பார்க்காமலே மாற்றுவாள். மார்கழித் திருவாதிரைக்கு எங்களையெல்லாம் அள்ளிப்போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு அவள் ஓட்டிப்போனபோது வழி நெடுகப் பையன்கள் "டேய், பொம்பள ஓட்டுதுடா!" என்று கூவிக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். அத்தை ஹார்னை ஒரு அழுத்து அழுத்திவிட்டு இன்னும் வேகமாகப் போனாள். முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு இருந்த திமிர், பிற்பாடு எந்தப் பரிசு வாங்கியபோதும் வரவில்லை.

அந்தச் சிதம்பரத்திலேயே அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர் பஜ்ஜியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு கார் ஓட்டுதாமே? அதெல்லாம் இனிமே வேணாம்" என்றார். தாத்தா தலையாட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனாள்.

தாத்தா காலமாகி, பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். நிலம் பிரிந்தது, மண்டி பிரிந்தது, அண்டா குண்டாகூடப் பிரிந்தது. கார் மட்டும் பிரிய மறுத்தது. அப்பா தனக்கு என்றார், சித்தப்பா தனக்கு என்றார். விற்றுக் காசைப் பிரித்துக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னதும் இரண்டு பேரும் ஒரே குரலில், "அப்பா வண்டியை வெளியாளுக்கா?" என்று எகிறினார்கள். அன்றைக்கு முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். மத்தியஸ்தம் பேச வந்திருந்த உறவுக்காரர் ஒருவருக்குப் பசி. சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. "அப்போ கழட்டி ஆளுக்குப் பாதியா எடுத்துக்குங்கப்பா!" என்று எரிச்சலில் சொல்லிவிட்டு இலை போடச் சொல்லி எழுந்துவிட்டார். அவர் கடுப்பில் சொன்னதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கூடு, கதவுகள், சீட்டு எல்லாம் அப்பாவுக்கு. இன்ஜின், கியர்பெட்டி, சக்கரங்கள் சித்தப்பாவுக்கு. நல்ல ஓட்டத்தில் இருந்த வண்டியை ஆள் வைத்துக் கழற்றினார்கள். படித்தவர்கள் செய்கிற காரியமா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கையெழுத்துப் போட அத்தையைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று அப்பா ஒப்புக்குக் கேட்டார். "ஒண்ணும் வேணாண்ணே, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று பெண்பிள்ளைகள் சொல்லவேண்டியது வழக்கம். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"ஸ்டீயரிங்" என்றாள் அத்தை.

கூடமே சிரித்தது. "அதை வச்சிக்கினு எதை ஓட்டப் போற?" என்று சித்தப்பா கேட்டார். "அது என் பாடு சின்னண்ணே. குடுக்கிறதுன்னா குடுங்க, இல்லாட்டி கையெழுத்து இல்லை" என்றாள் அத்தை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

லீவுக்காக நானும் அவளோடு சிதம்பரம் போனேன். டர்க்கி டவலில் சுற்றிய ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். துணி விலகியதைப் பார்த்த கண்டக்டர், "இன்னாக்கா, நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கேட்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இன்னிக்கு உங்க டிரைவரே ஓட்டட்டும்" என்றாள் அத்தை. வீட்டில் அத்தையின் கணவர், என் மாமா, ஒரு வார்த்தை கேட்காமல் சுத்தியலை எடுத்துவந்து கூடத்துச் சுவரில் நல்ல பெரிய ஆணியாக ஒன்று அடித்துக் கொடுத்தார். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. ஆயுத பூஜை வந்தால் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ.

இங்கே கடலூரில் அப்பாவும் சித்தப்பாவும் கல்யாணம் காட்சிகளில் கூடினார்கள், குசலம் விசாரித்தார்கள், ஒருவருக்கொருவர் பரிமாறினார்கள். கார் பேச்சு எடுத்தால் மட்டும் இரண்டு பேருக்கும் கை கழுவ நேரம் வந்துவிடும்.

இப்படியே காலம் ஓடி, நான் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை போட்டு, எனக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் காயலாங்கடைக்காரர் காரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எனக்கு அப்புறம் உனக்குத் தொல்லை எதுக்கும்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். காயலாங்கடைக்காரர் தராசை எடுத்துக்கொண்டு ஓடியே போனார்.

மறுநாளே ஆள் தேடினேன். பழைய கார்களை மறுபடி உருவாக்கித் தருவதே தொழிலாக வைத்திருந்த ஜெயசீலன் என்பவர் புதுச்சேரி சாலையில் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லாத வெள்ளைச் சட்டையில், நோயாளியின் உறவினர்களிடம் டாக்டர் பேசுகிற தோரணையில்தான் பேசுவார். அவர் பெருமையைக் கேட்கவே தனியாக அரைநாள் வேண்டும். எங்கள் காரைச் சுற்றிவந்து படம் எடுத்துவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார். "மேடம், இந்த வண்டியோட சொந்த சாமான் எல்லாம் வரணும். வேற ஸ்டீயரிங் வாங்கி மாட்டுற வேலையெல்லாம் எங்கிட்ட ஆவாது, என் பேரு கெட்டுடும். இன்னொண்ணு, வண்டிக்கு யாராவது ஒருத்தர்தான் சொந்தக்காரரு. நாலு பேரு வந்து நாலு சொன்னா ஸ்பேனரைக் கீழ வச்சிடுவேன்."

முதலில் புவனகிரிக்குப் போனேன். சித்தப்பா வாய் நிறைய மறுத்தார்; அதெல்லாம் துருப்பிடித்துப்போச்சு, ஓடாது என்றார். சக்கரங்களை டயர் வண்டிக்குப் போட்டிருந்தார், சரிதான். ஆனால் இன்ஜின், மல்லாட்டை மூட்டை அடுக்குகிற அறையில் சாக்குக்குள் பத்திரமாக இருந்தது. கூட வந்த ஜெயசீலன் அதைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. "யாரோ வருஷா வருஷம் எண்ணெய் ஊத்திச் சுத்தி வச்சிருக்காங்க" என்றார். சித்தப்பா வேறு பக்கம் பார்த்தார். எனக்கோ, முன்பு ஒரு தடவை புயல் அடித்து ஓய்ந்த காலையில் ஓடு பறந்த வீட்டைக்கூடப் பார்க்காமல் அப்பா முதலில் கொட்டகைக்கு ஓடியது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே காரைத்தான் காவல் காத்திருக்கிறார்கள்! எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்கலாம் என்றும் வந்தது. சித்தப்பா மறுவாரமே எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அத்தையிடம்தான் வேலை சுலபமாக இல்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை எழுபதைத் தாண்டியிருந்தாள். "ஸ்டீயரிங் தர்றேன்டி. ஆனா அதைப் பிடிக்கிறது நான்தான்" என்றாள். செய்தி கேட்டு அப்பா துள்ளினார். "இந்த வயசுல அவ ஓட்டறதா? ஜாஸ்தி பேசாம வேற ஸ்டீயரிங் வாங்கிப் போடச் சொல்லு!" சித்தப்பாவும் அதையே சொன்னார். மறுபடியும் அண்ணன் தம்பி ஒற்றுமை. ஜெயசீலன் என் முகத்தைப் பார்த்தார். "சொந்தக்காரர் யாரு மேடம்?"

"வசந்தா அத்தை" என்றேன்.

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே பட்டறைக்கு மட்டும் தினமும் ஆட்டோ பிடித்துப் போய்வந்தார்.

வண்டி தயாரான அன்று அத்தை டவலில் சுற்றிய ஸ்டீயரிங்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜெயசீலன் தன் கையாலேயே மாட்டினார். அங்கிருந்த டிரைவர்களில் ஒருவருக்கும் கை கியர் பழக்கமில்லை. "லைசென்ஸ் இருக்காம்மா?" என்று ஜெயசீலன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அத்தை பர்ஸைத் திறந்து நீட்டினாள். காலாவதியாகாத லைசென்ஸ்! மாமா இருந்தவரை அவரே ஞாபகமாகக் கூட்டிப்போய்ப் புதுப்பித்துத் தந்தாராம். அவருக்குப் பிறகு அவளே போயிருக்கிறாள். "இத்தினி வருஷம் எதுக்கு அத்தை?" என்றேன். "இந்த ஒரு நாளுக்குத்தான்" என்றாள்.

முதலில் பட்டறைக்குப் பின்னால் காலி மனையில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை நின்றுபோனது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவை அவள் இடதுகை கியரைப் பார்க்காமலே மாற்றியது; பிறகு அந்தக் கைக்கு எதையும் யாரும் ஞாபகப்படுத்தவேண்டியிருக்கவில்லை. சாலையில் ஏறினோம். முன்சீட்டில் அப்பா, பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் நம்பிக்கையில்லாமல் ஜெயசீலனின் வண்டி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூர் வந்ததும், யாரையும் கேட்காமல் புவனகிரி பக்கம் திருப்பினாள். சித்தப்பா வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்னை ஒரு அழுத்து. வெளியே வந்த சித்தப்பா, சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல், இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "ஏறுங்க சின்னண்ணே, சிதம்பரம் போறோம்" என்றாள். ஏறினார். வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் போகும்போது முன்சீட்டிலிருந்த அப்பா பின்னால் திரும்பாமலே, "சத்தம் நல்லாத்தான்டா இருக்குது" என்றார். "கதவு இறுக்கமா மூடுதுண்ணே" என்றார் சித்தப்பா. கார் பேச்சு வந்தும் இரண்டு பேருக்கும் கை கழுவத் தோன்றவில்லை.

சிதம்பரம் கீழவீதியில் பூக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "பாட்டி ஓட்டுறாங்கடோய்!" என்று ஒரு பையன் கூவினான். அத்தை ஹார்னை இன்னொரு அழுத்து அழுத்தினாள். நான் பாவாடைச் சிறுமியாகி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டேன். அதே பழைய திமிர்!

கார் இப்போது அத்தை வீட்டு வாசலில் நிற்கிறது. எங்கள் பின்வாசலில் கொட்டகையைப் பிரித்துவிட்டோம். செங்கல் முட்டு இருந்த இடங்களில் புல் வந்துவிட்டது. பிரிமணையும் போயிற்று, மண்பானை இல்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை? புது ரெக்ஸின் போட்டதில் அந்த மரிக்கொழுந்து வாசனையும் காணாமல்போனது. அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அத்தை வீட்டுக் கூடத்துச் சுவரில் மாமா அடித்த ஆணியும் அதைச் சுற்றி மங்காத ஒரு வட்டமும் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு அப்பாவை அழைத்துப்போக அத்தை வந்தாள். எங்கள் தெரு குறுகல். வண்டியைத் திருப்ப இடமில்லை. "உனக்கு எதுக்கும்மா சிரமம், நாங்க பஸ்ல வந்துடறோமே" என்றார் அப்பா.

"பஸ்ஸா? அதெல்லாம் இனிமே வேணாம்" என்றாள் அத்தை. பின்சீட்டில் சித்தப்பா முன்னிருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, தெருக்கோடி வரைக்கும் ஒரே எடுப்பில் ரிவர்ஸிலேயே போனாள்.