என் பெயரில் போன அக்கா

எனக்கு ஏழு வயதில், பிரான்சில் குடியேறியிருந்த பெரியப்பா என்னைத் தன் மகளாக அழைத்துப்போகக் காகிதங்கள் எடுத்திருந்தார். கிளம்பும் நாளில் கட்டிலடியில் ஒளிந்துகொண்டேன். தேடிக் களைத்தவர்கள், முகச்சாயல் ஒன்றுதானே என்று, ஒரு வயது மூத்த அக்காவை என் பெயரிலேயே விமானம் ஏற்றிவிட்டார்கள். சில வருடங்களில் கடிதமும் நின்றுபோனது.

போன மாதம் இணையத்தில் என் பெயரையே தேடித்தான் அவளைக் கண்டுபிடித்தேன். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டில், வீடியோ காலில் அவள் முகம் வந்ததும் பயந்தேன். என்ன கேட்பாளோ?

"அக்கா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"கட்டிலுக்கு அடியில இருந்த. பாத்தேன்," என்றாள், தட்டுத்தடுமாறிய தமிழில். "நீ அழுதுகிட்டிருந்த. அதான் சொல்லல."

அவள் திட்டியிருந்தால் என் பயம் அன்றோடு போயிருக்கும். இப்போது யாராவது, அவளும் சுமக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிடுகிறேன்.