கப்பலுக்கு எடுத்துவைத்த சேட்டு

அத்தானுக்கு அமெரிக்க இராணுவம் என்றால் உயிர். அக்காவைக் கலியாணம் கட்டிச் சிட்னிக்கு வந்த நாள் முதலாக அது சம்பந்தமான புத்தகங்களையே வாங்கி அடுக்கியிருக்கிறார். அக்காவின் சேலைகளுக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு இடம் இல்லை. ஓய்வுபெற்ற எஞ்சினியர், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் மூத்தோர் கூட்டத்தில் அவரைப் பேசக் கேட்டிருந்தார்கள். அமெரிக்கப் படைகளைப் பற்றி உலகம் பிழையாக நம்புகிற விஷயங்கள் என்று தலைப்பு. முழங்கால் வலி என்று அக்கா வரவில்லை. நான் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு அத்தானின் காரில் போனேன்.

நன்றாகத்தான் பேசினார். அமெரிக்க இராணுவம் ஒரு காலத்தில் ஒட்டகங்களை இறக்குமதி செய்து, பாலைவனத்தில் சாமான் சுமக்க வைத்துப் பார்த்ததாம். அவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு சண்டைக்கு ஒரு குன்றின் பெயர் இருக்கிறது, சண்டை பெரும்பாலும் நடந்ததோ பக்கத்துக் குன்றில். வெள்ளை மாளிகையை ஒருமுறை பிரிட்டிஷ்காரன் வந்து கொளுத்திவிட்டுப் போயிருக்கிறான். உலக யுத்தத்தின்போது பிரிஸ்பேன் தெருக்களில் அமெரிக்கச் சிப்பாய்களும் ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் எதிரியை விட்டுவிட்டுத் தங்களுக்குள் அடிபட்டிருக்கிறார்கள். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அமெரிக்கனுக்கு அடிவிழுந்த கதை என்றால் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் நானும் கணவரும் சின்ன மகளும் கடற்கரை மணலில் பங்கர் வெட்டி இருந்தோம். சற்றலைற் போன் வைத்திருந்த ஒருவரிடம் கெஞ்சி, கிடைக்கிற சில நிமிடங்களில் சிட்னிக்குக் கதைப்போம். அக்கா அழத்தான் செய்வாள். அத்தான் போனை வாங்குவார்.

"அமெரிக்கக் கப்பல் வெளிக்கிட்டுட்டுது, பிள்ளை. மரீன்ஸ் வந்து சனத்தை ஏத்தப் போறாங்கள். கரையை விட்டு அசையாதேங்கோ."

கப்பல் கதை அந்தக் கரை முழுக்க உலாவியதுதான். ஆனால் மற்றவர்கள் சொன்னால் அது கதை, அத்தான் சொன்னால் தகவல். அமெரிக்கப் படையை அவரளவுக்குப் படித்தவர் எங்கள் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

என் கணவர் கப்பலுக்கு ஆயத்தமானார். இருந்த உடுப்புகளில் நல்ல சேட்டை மடித்து, சுருக்கம் விழாமல் அரிசிப் பைக்குக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரனுக்கு முன்னால பிச்சைக்காரர் மாதிரி ஏறக்கூடாது" என்றார். மகளுக்கு "தேங்க் யூ, சேர்" சொல்லப் பழக்கினார். ஷெல் விழுகிற இடைவெளிகளில் அந்தப் பிள்ளை கடலைப் பார்த்துத் தேங்க் யூ சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு விடியற்காலை பக்கத்துப் பங்கர்க் குடும்பம் நந்திக்கடல் களப்பைக் கடந்து இராணுவத்தின் பக்கம் போக வெளிக்கிட்டது. எங்களையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குப் போகத்தான் விருப்பம். இவர் கொஞ்சம் யோசித்தார். "அத்தான் படிச்ச மனுசன். ஆதாரம் இல்லாமல் சொல்லமாட்டார். இருப்பம்" என்றார். இருந்தோம். அந்தக் குடும்பம் இப்போது மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி இருக்கிறது. சில நாள் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போன இவர் ஷெல் பட்டு அங்கேயே முடிந்துபோனார். கப்பலுக்கு எடுத்துவைத்த சேட்டைப் போட்டுத்தான் அவரை மணலில் புதைத்தோம்.

பிறகு எனக்கும் மகளுக்கும் முகாம், பிறகு படகு, பிறகு வில்லாவுட் தடுப்பு முகாம். அங்கே அத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து எங்களைப் பார்த்தார். வெளியே விட்டதும் தன் வீட்டிலேயே ஓர் அறை ஒழித்துத் தந்தார். என் கோபம் முழுவதையும் நான் அமெரிக்காவுக்கே வைத்திருந்தேன். ரி.வி.யில் அந்தக் கொடியைக் கண்டாலே அணைத்துவிடுவேன். அத்தானும் எங்களைப் போல நம்பி ஏமாந்தவர் என்றுதான் நினைத்தேன். அவர் மனம் நோகுமே என்று அந்தக் கப்பலைப் பற்றி அவர் முன்னால் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கூட்டத்தில் அவர் கடைசி விஷயத்துக்கு வந்தார்.

"இது எங்கட ஆக்களின்ர பிழையான நம்பிக்கை. வன்னிக்கு அமெரிக்கக் கப்பல் வருதெண்டு சனம் கரையில காத்துக்கொண்டு கிடந்தது. அப்பிடியொரு கப்பல் வெளிக்கிடவே இல்லை."

முன்வரிசையில் இருந்த ஒரு அன்ரி கேட்டார். "அது உங்களுக்கு எப்ப தெரியும், தம்பி?"

"எனக்கு அப்பவே தெரியும், அன்ரி. ஒரு கடற்படை வாறதெண்டால் அதுக்கு முதல் எவ்வளவு அசைவு தெரியும். ஒண்டையும் காணேல்லை. ஆனா சனத்துக்கு ஒரு தைரியம் வேணுந்தானே. அதால வருதெண்டு சொன்னம்."

ஒட்டகத்தைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கரையில் கிடந்த சனத்தில் அவருடைய மச்சாளும் ஒருத்தி என்பது அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ரோல்ஸ் நல்லாயிருக்கு என்று யாரோ வந்து சொன்னார்கள். அமெரிக்கா என்னை ஏமாற்றவில்லை. வருகிறேன் என்று அது எனக்குச் சொல்லவே இல்லை. எனக்குச் சொன்னது ஒரே ஒரு ஆள், அந்த ஆளுடைய வீட்டில்தான் நான் இத்தனை வருடமும் நன்றியோடு சோறு தின்றிருக்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"கப்பல் வராதெண்டு தெரிஞ்சுகொண்டோ, அத்தான், எங்களை அசையவேண்டாம் எண்டனீங்கள்?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீர் போனில நடுங்கிக்கொண்டு நிண்டனீர், பிள்ளை. உமக்கு ஆறுதலா ஒரு சொல்லு சொல்லவேணும் எண்டு பட்டுது. நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "வராதெண்டு சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பியள்?"

"போயிருப்பம்," என்றேன்.